ஓடினால் போதுமா, நிற்க வேண்டாமா?

உங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. பையில் காசு இல்லை. ஆனால் அந்தக் கார் தெருவில் இருக்கிற எல்லாக் கார்களையும்விட வேகமாக ஓட வேண்டும். என்ன செய்வீர்கள்?

புதிதாக எதையும் வாங்கி மாட்ட முடியாது. ஆகவே, இருப்பதைக் கழற்ற வேண்டியதுதான். முதலில் மட்கார்டு, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு. அப்புறம் முன்னாலும் பின்னாலும் பம்பர். ஏறுவதற்குக் கால் வைக்கும் ஃபுட்போர்டு எதற்கு? தாவி ஏறிக்கொண்டால் போச்சு. மேலே மூடுகிற துணிக்கூரை வேண்டாம். முன்பக்கக் கண்ணாடி காற்றைத் தடுக்கிறது, அதுவும் வேண்டாம். ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டுக் கொல்லையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் ஒரு தொட்டி, நாலு சக்கரம், ஓர் இன்ஜின், ஒரு ஸ்டீயரிங். அவ்வளவுதான் மிச்சம்.

எடை குறைந்தது, வேகம் கூடியது. செலவு பூஜ்யம்.

1930-களில் அமெரிக்காவின் தெற்கு கலிஃபோர்னியாவில் பள்ளிக்கூடம் முடித்த, முடிக்காத பையன்கள் இப்படித்தான் ஆரம்பித்தார்கள். பிற்பாடு உலகம் முழுக்க 'ஹாட் ராட்' என்று பெயர் வாங்கிய சமாச்சாரத்தின் பிறப்பு இதுதான். பெயர் பின்னால் வந்தது. 'ஹாட் ரோட்ஸ்டர்' என்பதன் சுருக்கம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். ரோட்ஸ்டர் என்றால் கூரையில்லாத இரண்டு சீட் கார்.

பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெரிசு, மூக்கு தரையை மோப்பம் பிடிப்பதுபோல் தாழ்ந்திருக்கும். இன்ஜின் வெட்கமில்லாமல் வெளியே தெரியும். பளபளவென்று பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் தீ ஜ்வாலை வரைந்து, பணக்கார அமெரிக்கர்களின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அது இன்றைக்கு. ஆரம்பத்தில் அது ஏழை வீட்டுப் பையனின் வண்டி. நம்ம சென்னை மீன்பாடி வண்டிக்கு ஒண்ணுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம். காயலான் கடையில் கிடைத்ததை வைத்து நானே செய்துகொண்டேன் என்கிற கெத்து இரண்டுக்கும் பொது.

ஆனால் அந்த மீன்பாடி வண்டிச் சகோதரன் எப்படி நாடு முழுக்கச் சங்கம் வைத்து, சட்டத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடித்து, மரியாதையோடு உட்கார்ந்தான்? அதைத்தான் பார்க்கப் போகிறோம். வேகத்தால் பிடித்த இடம் இல்லை அது. சொன்னால் சிரிப்பீர்கள். பிரேக்கால்.

*

பழி எல்லாம் ஹென்றி ஃபோர்டு மேல்தான்.

1908-ல் அவர் கொண்டுவந்த மாடல் டி காரின் ஆரம்ப விலை 850 டாலரை ஒட்டி இருந்தது. வருஷா வருஷம் எல்லாப் பொருளும் விலை ஏறும், இவருடைய கார் மட்டும் இறங்கியது. 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1927-ல் உற்பத்தியை நிறுத்தும்போது மொத்தம் ஒன்றரைக் கோடி கார்கள் வெளியே போயிருந்தன. அடுத்து வந்த மாடல் ஏ இன்னும் நாற்பத்தெட்டு லட்சம்.

யோசித்துப் பாருங்கள். அத்தனை கார்களும் ஒருநாள் பழசாகும் அல்லவா? ஆயின. 1930-களில் கலிஃபோர்னியாவின் காயலான் கடைகளில் மாடல் டி மலைமலையாகக் குவிந்தது. சில டாலர்களுக்கு ஒரு முழுக் காரே கிடைத்தது. போதாக்குறைக்கு அது பெரும் பொருளாதார மந்தக் காலம். வேலை இல்லை, காசு இல்லை. பையன்களிடம் இருந்தது நேரமும் ஒரு ஸ்பானர் செட்டும்.

மாடல் டி-யின் இன்ஜின் 20 குதிரைசக்தி. முக்கி முனகி மணிக்கு 45 மைல் போகும். அப்போதுதான், 1932-ல், ஃபோர்டு இன்னொரு வேலை செய்தார். எட்டு சிலிண்டர் வைத்த வி-8 இன்ஜினை ஒரே வார்ப்பாக வார்த்து, சாதாரண ஜனங்கள் வாங்குகிற காருக்குள் வைத்தார். 65 குதிரைசக்தி. ரோட்ஸ்டர் காரின் விலை 460 டாலர். அதுவரை வி-8 என்பது சீமான்களின் சொத்து.

அந்த 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர்தான் இன்றுவரை ஹாட் ராட் உலகின் குலதெய்வம். 32-ல் உள்ள இரண்டை வைத்து 'டியூஸ்' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

இந்த இன்ஜினை வைத்துக்கொண்டு பையன்கள் என்னென்ன செய்தார்கள்! ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டு வைத்தார்கள். அதற்குத் தோதாக மேனிஃபோல்டு கடையில் கிடைக்காது. ஆகவே அவர்களே வார்த்தார்கள். விக் எடல்பிராக் என்று ஒரு மெக்கானிக். கான்ஸஸ் மாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தவர். தன்னுடைய 1932 ரோட்ஸ்டருக்காக இரட்டை கார்புரேட்டர் மேனிஃபோல்டு ஒன்றை வடிவமைத்தார். பார்த்தவர்கள் எனக்கும் ஒண்ணு, எனக்கும் ஒண்ணு என்று வந்து நின்றார்கள். பிற்காலத்தில் பெரிய தொழிலாக வளர்ந்த எடல்பிராக் கம்பெனிக்கு விதை அதுதான். 1941 நவம்பரில் அந்தக் காரை அவர் ஓட்டிய வேகம் மணிக்கு 121 மைல். நம் கணக்கில் 195 கிலோமீட்டர்.

சரி, அந்த வேகத்தில் எங்கே ஓட்டினார்? நியாயமான கேள்வி.

*

லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே மொஹாவே பாலைவனம். அங்கே பல ஏரிகள் உண்டு. ஏரி என்றால் தண்ணீர் இருக்கும் என்று நினைக்காதீர்கள். எப்போதோ மழை பெய்யும், தேங்கும், காயும். காய்ந்தபிறகு மெழுகிவிட்ட களிமண் தரை மாதிரி மைல்கணக்கில் சமமாகக் கிடக்கும். ம்யூராக், ஹார்ப்பர், ரோஸமண்ட், எல் மிராஜ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மரம் கிடையாது, வளைவு கிடையாது, போலீஸ் கிடையாது.

வாரக் கடைசியில் பையன்கள் அங்கே போவார்கள். எதில்? அதே காரில்தான். தனியாக ரேஸ் கார் வைத்துக்கொள்ள யாரிடம் காசு இருந்தது? திங்கள் முதல் வெள்ளிவரை வேலைக்குப் போகிற கார். சனிக்கிழமை ராத்திரி அதே காரில் மலையைத் தாண்டி ஏரிக்குப் போய், அங்கேயே படுத்துத் தூங்கி, விடிந்ததும் மட்கார்டு, ஹெட்லைட், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, பேய் மாதிரி ஓட்டுவார்கள். சாயந்திரம் மறுபடி எல்லாவற்றையும் பூட்டி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும். திங்கள்கிழமை வேலைக்குப் போகணுமே.

இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதில் எவ்வளவு சாமர்த்தியம் வேண்டுமோ, அதே அளவு திரும்பப் பூட்டுவதிலும் வேண்டும். ஹாட் ராட் என்பது ஆதியிலிருந்தே சாலையில் ஓட வேண்டிய வண்டி. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இல்லை.

ஆனால் ஆரம்பத்தில் ஏரியில் நடந்தது சுத்த அராஜகம். வேகம் ஒத்துப்போகிற கார்களை வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் கிளப்பிவிடுவார்கள். காய்ந்த களிமண் அல்லவா? முன்னால் போகிறவன் கிளப்புகிற புழுதியில் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. தலையில் ஹெல்மெட் கிடையாது, இடுப்பில் பெல்ட் கிடையாது. முன்னால் போனவன் நின்றுவிட்டானா, புரண்டுவிட்டானா என்பது மோதிய பிறகுதான் தெரியும். அடிபட்டார்கள். செத்தும் போனார்கள்.

இன்னொரு பக்கம், ஏரிவரை போகப் பொறுமை இல்லாதவர்கள் ஊருக்குள்ளேயே ராத்திரி நேரத்தில் தெருக்களில் பந்தயம் வைத்தார்கள். போலீஸுக்குத் தலைவலி. பத்திரிகைகளுக்குத் தீனி. ஜனங்களுக்கு, மட்கார்டு இல்லாத காரைக் கண்டாலே கலக்கம்.

1937-ல் சில கிளப்புகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன. இப்படியே போனால் நம்மை நாமே கொன்றுகொள்வோம், மிச்சம் இருப்பவர்களை அரசாங்கம் உள்ளே தூக்கிப் போடும். அன்றைக்குப் பிறந்ததுதான் தெற்கு கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன். சுருக்கமாக எஸ்.சி.டி.ஏ.

பெயரைக் கவனியுங்கள். 'ரேஸ்' என்கிற வார்த்தையே இல்லை. 'டைமிங்'தான் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவனோடு போட்டி போடாதே, கடிகாரத்தோடு போடு. இதுதான் அந்தச் சங்கம் செய்த பெரிய காரியம். கும்பலாக ஓடுகிற வழக்கத்துக்கு முடிவு கட்டினார்கள். குறித்த தூரத்தை எவ்வளவு நேரத்தில் கடந்தாய் என்று கருவி சொல்லும். புழுதி அடங்கும்வரை அடுத்த ஆள் காத்திருக்க வேண்டும். ஓடுவதற்குமுன் வண்டியைப் பரிசோதிப்பார்கள். சரியில்லை என்றால், வீட்டுக்குப் போ தம்பி.

வயசு இருபதைச் சுற்றி இருக்கும் பையன்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கடிவாளம் இது. எந்த மந்திரியும் சொல்லவில்லை, எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை.

*

அப்புறம் போர் வந்தது. பையன்கள் எல்லாம் ராணுவத்துக்குப் போனார்கள். ஏரிகளில் ஓட்டம் நின்றது. கார்கள் கொட்டகையில் தூங்கின. வீடா ஆர் என்றொரு பெண்மணி, தானே ஏரியில் கார் ஓட்டியவர், கிளப் செய்திகளைத் தொகுத்து ஒரு செய்தித்தாளாக்கி, கடல் தாண்டிப் போயிருந்த பையன்களுக்குத் தபாலில் அனுப்பிக்கொண்டே இருந்தார். எங்கோ பசிபிக் தீவில் கொசுக்கடியில் படுத்திருந்தவனுக்கு, ஊரில் தன்னுடைய ரோட்ஸ்டர் காத்திருக்கிறது என்று ஞாபகப்படுத்திய கடுதாசி.

1945-ல் திரும்பி வந்தவர்கள் பழைய பையன்கள் இல்லை. விமான இன்ஜினைப் பிரித்துப் போட்டு மாட்டியவர்கள். வெல்டிங் தெரியும். உலோகம் தெரியும். கையில் கொஞ்சம் ராணுவச் சம்பளமும் இருந்தது. போதாததற்கு, போரில் மிஞ்சிய சாமான்களை அரசாங்கம் அடிமாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது.

பில் பர்க் என்பவர் பசிபிக் போர்முனையில் ஒரு காட்சி பார்த்திருந்தார். போர் விமானங்களின் அடியில் தொங்குகிற உபரி பெட்ரோல் டேங்க். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கென்றே செய்த மீன் வடிவம். 1946-ல் பி-51 விமானத்தின் டேங்க் ஒன்றை வாங்கி, அதற்குள் ஃபோர்டு இன்ஜினை வைத்து, தானும் உள்ளே உட்கார்ந்து ஓட்டினார். இடம் போதவில்லை. அடுத்து பி-38 விமானத்தின் பெரிய டேங்க். அது கச்சிதம். குண்டு போடப் போன விமானத்தின் வயிறு, ஏரியில் ஓடுகிற காராக ஆனது. 1948-ல் ஸ்டூவர்ட் ஹில்போர்ன் என்பவரின் கார் காய்ந்த ஏரியில் 150 மைல் வேகத்தை முதன்முதலாகத் தொட்டது.

எல்லாம் சரி. ஆனால் ஊருக்குள் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. ஆளும் அதிகம், காரும் அதிகம், வேகமும் அதிகம். எங்கே விபத்து நடந்தாலும் மறுநாள் தலைப்பில் 'ஹாட் ராட்' என்று இருக்கும். இவற்றைத் தடை செய்தால் என்ன என்கிற பேச்சு பலமாகக் கிளம்பியது.

இந்த இடத்தில்தான் வாலி பார்க்ஸ் வருகிறார். 1913-ல் ஓக்லஹாமாவில் பிறந்தவர். கார் கம்பெனியில் டெஸ்ட் டிரைவர் வேலை பார்த்தவர். போரிலிருந்து திரும்பி எஸ்.சி.டி.ஏ.வின் நிர்வாகத்துக்கு வந்தார். எதிரிகளைத் திட்டிக்கொண்டிருப்பதில் பிரயோஜனமில்லை, அவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவோம் என்றார்.

1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ராணுவக் கட்டடத்தில் ஹாட் ராட் கண்காட்சி நடந்தது. ரவுடி வண்டி என்று திட்டியவர்கள் வந்து பார்த்தார்கள். நகை செய்வதுபோல் செய்யப்பட்ட இன்ஜின்கள். அதே சமயத்தில் அந்தக் கட்டடத்து வாசல்படியில் நின்று ராபர்ட் பீட்டர்ஸன் என்கிற இளைஞர் ஒரு புதுப் பத்திரிகையை 25 சென்ட்டுக்குக் கூவி விற்றுக்கொண்டிருந்தார். பத்திரிகையின் பெயரே 'ஹாட் ராட்'. கெட்ட வார்த்தையாக இருந்ததை அட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டார்! அடுத்த வருஷமே வாலி பார்க்ஸ் அதற்கு ஆசிரியர் ஆனார்.

1950-ல் சாண்டா ஆனா விமான நிலையத்தில் சி.ஜே. ஹார்ட் என்பவர் கூட்டாளிகளோடு சேர்ந்து, ஓடுதளத்தின் ஒரு பகுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடத்த ஆரம்பித்தார். நுழைவுக் கட்டணம் 50 சென்ட். தெருவில் செய்வதை இங்கே வந்து செய். 1951-ல் வாலி பார்க்ஸ் முன்னின்று நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷனை ஆரம்பித்தார். பாதுகாப்புக்கு அர்ப்பணம் என்பது அதன் கொள்கை வாக்கியம். வேகத்துக்காகச் சங்கம் வைத்தவர்கள் போட்டுக்கொண்ட வாசகத்தைப் பாருங்கள்!

போமோனா என்கிற ஊரில் போலீஸ் தலைவர் ரால்ஃப் பார்க்கர் பையன்களுக்கு ஆதரவாக நின்றார். 1953-ல் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வப் பந்தயம் அங்கே நடந்தது. அதே ஊர் போலீஸ் சார்ஜன்ட் பட் கூன்ஸ். 1954-ல் இவர் தலைமையில் நாலு பேர் ஒரு ஸ்டேஷன் வேகனில் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றக் கிளம்பினார்கள். ஊர் ஊராகப் போய் உள்ளூர்ப் பையன்களையும் உள்ளூர் போலீஸையும் உட்கார வைத்து, பந்தயத்தை எப்படி ஒழுங்காக நடத்துவது, வண்டியை எப்படிச் சோதிப்பது என்று பாடம் எடுத்தார்கள். 'சேஃப்டி சஃபாரி' என்று அதற்குப் பெயர்.

துரத்திப் பிடிக்க வேண்டிய போலீஸ்காரர், கற்றுக்கொடுக்கும் வாத்தியாராக வந்து நின்றார். தடை போட்டிருந்தால் இந்தப் பையன்கள் இன்னும் இருட்டான தெருவைத் தேடிப் போயிருப்பார்கள். இடம் கொடுத்தார்கள், கூடவே விதியும் கொடுத்தார்கள். வந்துவிட்டார்கள்.

*

இப்போது உங்களை ஒரு ஷெட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறேன். நீங்கள் ஒரு ஹாட் ராட் செய்கிறீர்கள் என்று வையுங்கள். எது கஷ்டமான வேலை?

இன்ஜின் என்பீர்கள். இல்லை. 1955-ல் செவர்லே கொண்டுவந்த சின்ன வி-8 இன்ஜினும் அதன் வாரிசுகளும் வந்தபிறகு, பெட்டியில் பார்சலாகவே இன்ஜின் வாங்கலாம். பழைய ஃபோர்டு இன்ஜினைப் பொசுக்கென்று தூக்கிவிட்டு எல்லோரும் அதற்கு மாறினார்கள். பழையதற்கு ஒரு வியாதி உண்டு. எரிந்த புகை வெளியேறும் பாதை, தண்ணீர் சுற்றுகிற பிளாக்குக்குள்ளேயே புகுந்து போகும். டிராஃபிக்கில் நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும். பாடி? அதுவும் புதிதாகவே கிடைக்கிறது, இரும்பிலும் உண்டு, ஃபைபரிலும் உண்டு.

கஷ்டம், நிறுத்துவதில் இருக்கிறது.

மறுபடி ஹென்றி ஃபோர்டு. மனிதருக்குக் குழாயில் ஓடுகிற எண்ணெய்மேல் நம்பிக்கையே கிடையாது. பிளிமத் கார்கள் 1928-லேயே ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தன. செவர்லே 1936-ல் மாறியது. ஃபோர்டு மட்டும் கம்பியால் இழுத்துப் பிடிக்கிற மெக்கானிக்கல் பிரேக்கையே கட்டிக்கொண்டு அழுதது. 1939-ல்தான் மனம் இறங்கினார். எட்டு சிலிண்டர் இன்ஜினை ஏழைக்குக் கொடுத்தவர், அதை நிறுத்துவதற்கு நல்ல பிரேக் கொடுக்க ஏழு வருஷம் எடுத்துக்கொண்டார்.

கணக்கு ரொம்ப எளிது. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்குப் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. 45 மைல் வண்டியை 90 மைல் வண்டியாக மாற்றிவிட்டுப் பழைய பிரேக்கையே வைத்திருந்தால் சங்குதான். ஆகவே 1939-க்குப் பிறகு பையன்கள் காயலான் கடையில் முதலில் தேடியது, புது ஃபோர்டின் ஹைட்ராலிக் பிரேக் டிரம்களை. கொஞ்சம் வேலை பார்த்தால் பழைய ஆக்ஸிலில் உட்கார்ந்துவிடும்.

அதிலும் ஒரு கண்டம் இருந்தது. அந்தக் காலத்து மாஸ்டர் சிலிண்டரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பாதை. எங்கோ ஒரு குழாய் ஒழுகினால் நாலும் போச்சு. இன்றைக்குச் செய்கிறவர்கள் இரட்டைப் பாதை வைக்கிறார்கள். முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும். பழைய காரில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், சக்கரத்துப் பிரேக்கைவிடத் தாழ்வாக உட்காரும். மேட்டிலிருந்து எண்ணெய் திரும்பி வழிந்து வந்துவிடும். பெடலை மிதித்தால் முதல் மிதி காற்றில் போகும். இதைத் தடுக்கக் குழாயில் சின்னதாக ஒரு வால்வு வைப்பார்கள். டிஸ்க் பிரேக்குக்கு ஓர் அளவு, டிரம் பிரேக்குக்கு வேறு அளவு. வெளியே பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. உயிர் அதில் இருக்கிறது.

இப்படி வரிசையாகச் சொல்லலாம். மூக்கைத் தாழ்த்தினால் அழகாக இருக்கும், ஆனால் ஸ்டீயரிங் கம்பியின் கோணம் கெடும். பள்ளத்தில் இறங்கினால் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். ஃபைபர் பாடியில் கரண்ட் பாயாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் ஒயர் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவனுக்கு உங்கள் பிரேக் லைட் எரியாது. எல்லாம் முடிந்து முதல் நூறு, இருநூறு மைல் அக்கம்பக்கத்திலேயே மெதுவாக ஓட்டி, திரும்பி வந்து ஒவ்வொரு நட்டையும் மறுபடி முடுக்க வேண்டும். பெயின்ட் அடித்தவுடன் சாவியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் கிளம்புகிறவன் பாதி வழியில் லாரி பிடித்துத்தான் வீடு திரும்புவான்.

1970-ல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா ஊரில், தெருவில் ஓட்டுகிற ஹாட் ராட்காரர்களுக்கென்று முதல் தேசிய மாநாடு நடந்தது. அவர்களுடைய சங்கம் பிற்பாடு 23 அம்சப் பாதுகாப்புப் பரிசோதனை ஒன்றைக் கொண்டுவந்தது. பிரேக், ஸ்டீயரிங், விளக்கு, பெட்ரோல் பைப் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார்கள். கட்டாயமில்லை, அபராதமில்லை. நீயாக வந்து காட்டு. ஆச்சரியம், வந்து காட்டினார்கள். 1937-ல் ஏரிக்கரையில் போட்ட விதை.

*

வண்டி தயார். ரோட்டுக்கு வரலாமா? அங்கேதான் இருக்கிறது கடைசி மலை.

1932 மாடல் பாடி, ஆனால் போன வருஷம் செய்தது. இன்ஜின் செவர்லே. கியர்பாக்ஸ் வேறு யாருடையதோ. இந்தக் காரை யார் தயாரித்தார்கள்? எந்த வருஷத்துக் கார்? ஆர்.சி. புக்கில் என்ன எழுதுவது?

கலிஃபோர்னியா சட்டம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. 'தனியாகச் செய்யப்பட்ட வாகனம்'. தயாரித்தவர் நீங்கள்தான். உரிமம் பெற்ற நிலையத்தில் பிரேக்கும் விளக்கும் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். நெடுஞ்சாலைப் போலீஸ் வண்டியைப் பார்ப்பார்கள். இன்ஜின் எங்கே வாங்கினாய்? கியர்பாக்ஸுக்கு பில் எங்கே? திருட்டுச் சாமான் இல்லையே? எல்லாம் சரியாக இருந்தால் வண்டிக்குப் புதிதாக ஓர் அடையாள எண் தருவார்கள்.

பி.காம். படித்தவனுக்கு இந்த இடத்தில் ஓர் அற்ப சந்தோஷம் வருகிறது. எத்தனை பெரிய மெக்கானிக்காக இருந்தாலும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் வவுச்சர் ஃபைல் பண்ணியிருக்க வேண்டும் சார்! பேரேடு பொய் சொன்னால் வண்டி நகராது.

புகை விதி இன்னும் பெரிய சிக்கல். புதுக் கார் என்றால் இன்றைய மாசுக் கட்டுப்பாடு முழுதும் பொருந்தும். ஹாட் ராட் அதில் எப்படித் தேறும்? தேறாது. ஆகவே சிலர் குறுக்கு வழியில் போனார்கள். புதிதாகச் செய்த காரைப் பழைய காரின் பெயரில் பதிவு செய்வது. வரியும் மிச்சம், புகைப் பரிசோதனையும் மிச்சம். பெரிய பெயர் வாங்கிய தயாரிப்பாளர் ஒருவரே 2005-ல் இப்படி ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இத்தனைக்கும் நேர்வழி ஒன்று அப்போதே திறந்துதான் இருந்தது. 2001-ல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்கு முதலில் வருகிற 500 வண்டிகளுக்கு மட்டும் சலுகை. பாடி எந்த வருஷத்துக் காரைப்போல் இருக்கிறதோ, அந்த வருஷத்துப் புகை விதி பொருந்தும். 1932-ல் ஏது புகை விதி? ஆக, 1932 ஃபோர்டுபோல் செய்தால் விலக்கு. ஆனால் பிரேக்குக்கு விலக்கு கிடையாது. விளக்குக்குக் கிடையாது. பில்லுக்குக் கிடையாது. ஐந்நூற்றோராவது ஆளாகப் போய் நின்றால், அடுத்த ஜனவரியில் வாருங்கள்.

கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் இது சாதாரண சலுகை இல்லை. கோடிக்கணக்கான கார்கள் ஓடுகிற, புகைச் சட்டத்தில் படு கறாரான ஒரு மாநிலம், ஒரு தனிமனிதன் தன் கையால் ஒரு காரைச் செய்து ரோட்டில் ஓட்டலாம் என்று ஒப்புக்கொள்கிறது. எதை நம்பி? பல பத்து வருஷமாக அந்தக் கூட்டம் சேர்த்து வைத்த நல்ல பெயரை நம்பி. ஏரியில் வரிசையில் காத்திருந்து, தெருவை விட்டு விமான தளத்துக்குப் போய், போலீஸ்காரரிடமே பாடம் கேட்டுச் சேர்த்த பெயர்.

வாலி பார்க்ஸ் 2007-ல் காலமானார். எல் மிராஜ் ஏரியில் எஸ்.சி.டி.ஏ. அதற்குப் பிறகும் கடிகாரம் வைத்து ஓடவிட்டுக்கொண்டுதான் இருந்தது. புழுதி அடங்கும்வரை அடுத்த ஆள் காத்திருக்க வேண்டும் என்கிற அதே விதி. காத்திருக்கிற நேரத்தில் டிரைவர் ஒரு காரியம் செய்வார். இன்ஜினை முறுக்கிப் பார்க்கமாட்டார். பிரேக் பெடலை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார்.

வேகமாக ஓட்டத் தெரிந்தவன் எவனும் முதலில் அதைத்தான் பார்ப்பான்.